ஹரி பொட்டர் கடைசிப் புத்தகம்: அந்த முடிவை நீங்கள் எப்பிடி வாசிச்சனீங்கள்?

திருநெல்வேலியிலிருந்து (தொடங்கினவ)

ஏழாம் புத்தகம் 2007 ஜூலை 21 அன்று, லண்டன் நேரம் நள்ளிரவு தாண்டி ஒரு நிமிசத்தில் வெளிவந்தது. எங்களுக்கு அப்ப விடியப்புறம் நாலரை. வெளிநாட்டிலை சனம் வட்டக் கண்ணாடியும் கூர்த் தொப்பியும் போட்டுக்கொண்டு கடை வாசலிலை வரிசையிலை நிண்ட நேரம், யாழ்ப்பாணம் இரவு ஊரடங்குக்குள்ளை கிடந்தது. 2005இலை ஆறாம் புத்தகம் ஏ9 தரைப்பாதையாலை பஸ்ஸிலை வந்தது. 2006 ஓகஸ்ட் 11இலை முகமாலையிலை பாதையை மூடினாப் பிறகு கப்பலும் பலாலி விமானமும்தான் வழி. மாவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் கப்பல் பாத்திருந்த ஊருக்கு 607 பக்க இங்கிலீஷ் கதைப்புத்தகத்தை ஆர் ஏத்துவினம்? எண்டாலும் வந்தது. ஒண்டு ரெண்டு பிரதியெண்டாலும் வந்தது.

வெளியிலை இந்த முடிவைப் பற்றிப் பிடிச்ச சண்டை எல்லாருக்கும் தெரியும். "பத்தொன்பது வருசத்துக்குப் பிறகு" எண்டு வாற அந்தக் கடைசித் துண்டு வேண்டாத ஒட்டு எண்டினம். எல்லாரும் பள்ளிக்கூடக் காதலையே கட்டி, பிள்ளையளுக்குச் செத்த ஆக்களின்ரை பேரை வைச்சதைப் பகிடி பண்ணிச்சினம். ஸ்னேப் வீரனோ, பிள்ளையளை வதைச்ச கெட்ட வாத்தியோ எண்டு இன்னும் அடிபடுகினம்.

எங்கடை ஆக்கள் தடக்கின இடம் வேறை எண்டு எனக்கு ஒரு எண்ணம். அதுதான் கேக்கிறன். இன்னும் வாசிக்காத ஆக்கள் இதோடை நிப்பாட்டுங்கோ. கீழை ஒரு சாவும் மிச்சமில்லாமல் வரப்போகுது.

கொக்குவிலிலிருந்து

அக்கா, நாங்கள் அந்தப் புத்தகத்தை வெட்டித்தான் வாசிச்சனாங்கள்.

லண்டனிலை இருந்து மாமி கொழும்புக்கு அனுப்பி, அங்கை இருந்து சொந்தக்காரர் ஒருத்தர் பிளேனிலை சீலைப் பையுக்குள்ளை வைச்சுக் கொண்டு வந்தவர். ரியூசனிலை எங்கடை கூட்டம் பெரிசு, புத்தகம் ஒண்டு. ஆர் முதல் எண்டு சண்டை வந்து, கடைசியிலை சவர பிளேட்டாலை முதுகைக் கீறி நாலு துண்டாக்கினம். புத்தகப் பிரியர் ஏசாதேங்கோ. சீட்டுக் குலுக்கினதிலை எனக்கு விழுந்தது நாலாம் துண்டு.

அதாலை நான் முதலிலை வாசிச்சது, ஹரியின்ரை சிநேகிதன் ரோனின்ரை இரட்டை அண்ணன்மாரிலை ஒருத்தன் பிரெட் சாகிறதை. பிறகு ஸ்னேப்பின்ரை நினைவுகள், காடு, முடிவு. அதுக்குப் பிறகுதான் முதலாம் துண்டு கைக்கு வந்தது. அதிலை மற்ற இரட்டையன் ஜோர்ஜுக்குக் காது போற இடம் இருக்கெல்லே, எல்லாரும் ஜோர்ஜைச் சுத்தி நிண்டு பதறுவினம். வாழ்க்கையிலை முதல் தரம் பகிடி விட வாய் வராமல் பிரெட் பக்கத்திலை நிப்பான். எனக்கெண்டால் ஜோர்ஜைப் பாக்க முடியேல்லை. "அவன் தப்பியிடுவான், போகப் போறது நீயடா" எண்டு பக்கத்தைப் பாத்து மனசுக்குள்ளை கத்தினன். அடுத்தது அவையின்ரை மூத்த அண்ணன் பில்லின்ரை கலியாணம். மற்றவை சிரிச்சு வாசிச்ச அத்தியாயத்துக்கு நான் மூக்கைச் சீறிக்கொண்டு இருந்தன். அம்மா தடிமன் எண்டு நினைச்சுக் கொத்தமல்லி அவிச்சுத் தந்தவ.

ஒழுங்காய் முன்னாலை இருந்து வாசிச்ச ஆருக்கும் அந்தக் கலியாணம் அவ்வளவு நொந்திருக்காது. நான் அதை இழப்பாய் நினைக்கேல்லை.

குருநகரிலிருந்து

எனக்கு முடிவைக் கெடுத்தது ஸ்காபரோவிலை இருக்கிற மச்சான். வெளிவந்து ரெண்டாம் நாளோ மூண்டாம் நாளோ வீட்டுத் தொலைபேசிக்கு எடுத்தான். எடுத்த உடனை "மச்சான், பிரெட் போயிட்டான்டா" எண்டான். எனக்கு விளங்கிற்று, "ஐயோ பிரெட்டா!" எண்டு கத்தியிட்டன். குசினிக்குள்ளை நிண்ட அம்மா ஓடி வந்தா. "எந்தப் பிரெட்? பின்வளவுப் பிரெட்டோ? எங்கை வைச்சுச் சுட்டவங்கள்?"

எங்கடை பக்கத்திலை கூப்பிட்டால் நாலு பிரெட் திரும்பிப் பாப்பினம். 2007இலை ஒருத்தன் போயிட்டான் எண்டால், எப்பிடிப் போனவன் எண்டு ஒருத்தரும் கேக்கிறேல்லை, எங்கை வைச்சு எண்டுதான் கேக்கிறது. கதைப்புத்தகத்துப் பிரெட் எண்டு விளங்கப்படுத்திறதுக்குள்ளை அம்மா செபமாலையைக் கையிலை எடுத்திட்டா. விளங்கினாப் பிறகு எனக்கு விழுந்த அடியைப் பற்றி இங்கை எழுதத் தேவையில்லை.

ரெண்டு கிழமை கழிச்சுக் கேட்டா: "அந்தப் பெடியன்ரை தாய்க்கு மற்றப் பிள்ளையள் இருக்கோ?"

சாவகச்சேரியிலிருந்து

நான் கனக்க எழுதமாட்டன். கடைசிப் பந்தியிலை ஹரியின்ரை தழும்பு பத்தொன்பது வருசமாய் நோகேல்லை எண்டு வருது. எனக்கு 2000இலை ஷெல் பட்டது. தோளுக்குள்ளை ஒரு துண்டு இன்னும் கிடக்குது. எடுக்கப் போனால் நரம்பிலை பட்டிடும், விடுங்கோ எண்டு டொக்டர் சொன்னவர். எக்ஸ்ரேயிலை வெள்ளையாய்த் தெரியும். மார்கழிப் பனிக்கு உளையும்.

2000த்தோடை பத்தொன்பதைக் கூட்டினால் 2019. நான் அந்த வருசம் வேணுமெண்டே அந்தப் பக்கத்தைத் திருப்பி எடுத்து வாசிச்சுப் பாத்தனான். நல்ல மந்திரம்தான் ஹரி, எங்கடை ஊர்ப் பனியிலை வந்து நிண்டு பார் எண்டு சொல்லி மூடி வைச்சன். மற்றும்படி எனக்கு முழுக்கதையும் பிடிக்கும். அந்த ஒரு வரி மட்டும் ஒத்து வரேல்லை.

யாழ். பல்கலைக்கழக மாணவன்

நான் படம் பாத்து வளர்ந்த ஆள், மன்னிக்கவும். 2011இல் கடைசிப் படம் வந்தபோது எனக்கு ஏழு வயசு, அண்ணாவோடு டிவிடியில் பார்த்தேன். அதில் ஹரி அந்தப் பெரிய மந்திரக்கோலை முறித்துப் பாலத்தால் கீழே எறிவான். கைதட்டினேன். பிறகு புத்தகத்தை வாசித்தபோதுதான் கோபம் வந்தது. புத்தகத்தில் அவன் முதலில் அதைக் கொண்டு தன்னுடைய உடைந்த பழைய கோலை ஒட்டவைக்கிறான். அதுக்குப் பிறகுதான் பெரியதைத் திரும்பத் தலைமையாசிரியர் டம்பிள்டோரின் கல்லறையில் வைப்பதாய்ச் சொல்கிறான். படத்தில் பழைய கோலை எல்லாரும் மறந்தே விட்டார்கள். பலமானதை எறிவது பார்க்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் பதினொரு வயதில் கடையில் அவனைத் தேடி வந்த கோல் உடைந்தபடியே கிடக்கிறதே? புத்தகமா படமா என்றால் நான் இந்த ஒரு காரணத்துக்காகவே புத்தகப் பக்கம்.

திருநெல்வேலியிலிருந்து (தொடங்கினவ)

மன்னிச்சாச்சு தம்பி. கொக்குவில் பிள்ளை, புத்தகத்தை வெட்டினதை மட்டும் மன்னிக்கேலாது.

பருத்தித்துறையிலிருந்து (ஓய்வுபெற்ற ஆசிரியை)

எல்லோரும் ஸ்னேப், பிரெட் என்று எழுதுகிறீர்கள். ஒருவரும் கொலின் கிரீவியை நினைக்கவில்லை.

இரண்டாம் புத்தகத்தில் கமராவும் கையுமாய் ஹரியின் பின்னால் ஓடித் திரிவானே, அந்தச் சின்னப் பையன். கடைசிச் சண்டைக்கு முன் வயது குறைந்த பிள்ளைகளை எல்லாம் பள்ளியிலிருந்து வெளியே அனுப்பிவிடுகிறார்கள். அவன் ஒளித்துத் திரும்பி வந்துவிடுகிறான். எப்படி வந்தான், எப்படி இறந்தான் என்று கதையில் இல்லை. நெவிலும் இன்னொரு பழைய மாணவனும் உடலைத் தூக்கி வருகிறார்கள், பிறகு அந்தப் பெரிய பையன் தான் ஒருவனே கொண்டு போவதாய்ச் சொல்லித் தோளில் போட்டுக்கொள்கிறான். ஒருவனே தூக்கக்கூடிய பாரம்தான். சில வரிகளில் முடிந்துவிடுகிறது.

என் மகள் இந்தப் புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனதால்தான் எடுத்து வாசித்தேன். மந்திரக் கதைகளில் எனக்கு ஈடுபாடு இல்லை. ஆனால் அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு வெளியே போய் இருந்தேன். வருகைப் பதிவேட்டில் பெயர் கூப்பிட்டுப் பதில் வராத காலையை நான் பார்த்திருக்கிறேன். முதல் நாள் வரை முன் வாங்கில் இருந்த பிள்ளை. அதற்கு மேல் இங்கே எழுத விருப்பமில்லை.

பின்னுரையில் யார் யாருக்கோ பெயர் வைக்கிறார்கள். கொலின் என்று ஒரு பிள்ளைக்கும் பெயர் இல்லை. ஆசிரியராக அது எனக்குக் குறைதான்.

ஊர் குறிப்பிட விரும்பாத ஒருவர்

நான் 2012இல் வாசித்தேன், எல்லாம் முடிந்த பிறகு.

காட்டுக்குப் போகும்போது ஹரி, இறந்தவர்களைத் திருப்பிக் கூப்பிடும் அந்தக் கல்லை மூன்று தரம் உருட்டுவான். அம்மா, அப்பா, ஞானத்தந்தை சிரியஸ், பழைய ஆசிரியர் லூபின் வந்து அவனோடு நடப்பார்கள். எல்லாரும் அழகான அத்தியாயம் என்று சொல்கிற இடம். பிறகு அவன் கல்லைக் காட்டுக்குள் நழுவ விட்டுவிடுவான். சண்டை முடிந்த பின்னும் அதைத் தேடப் போகமாட்டேன் என்பான்.

என்னுடைய அண்ணா 2006 கடைசியில் வேலைக்குப் போனவர். பிறகு வரவில்லை.

அந்தக் கல் என் கையில் கிடைத்தால் உருட்டுவேனா என்று எத்தனையோ இரவு யோசித்திருக்கிறேன். உருட்டி அவர் வந்தால், அவர் இல்லை என்று அர்த்தம். வராவிட்டால், எங்கேயோ இருக்கிறார். கல்லை எறிந்துவிட்டால் தெரியாமலே போய்விடும். ஹரிக்கு அவர்கள் எல்லாரும் இறந்தது உறுதியாய்த் தெரியும். அதனால்தான் அவனால் எறிய முடிந்தது. புத்தகத்துக்குள் வரும் மூன்று சகோதரர் கதையில் இரண்டாமவன் அதே கல்லால் இறந்தவளைத் திருப்பிக் கூப்பிட்டு வருந்திச் சாவான். அவனுக்கும் அவள் இறந்தது உறுதியாய்த் தெரியும். எங்களைப் போல ஒரு ஆளை அந்தக் கதைக்குள் வைக்கவில்லை.

2017 பெப்ரவரியில் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் தொடங்கிய போராட்டத்துக்கு அம்மாவும் அண்ணாவின் படத்தோடு போய் இருந்தவ. ஒருநாள் பஸ்ஸில் திரும்பி வரும்போது இந்தக் கல்லின் கதையை அவவுக்குச் சொன்னேன். அம்மா யோசிக்கக்கூட இல்லை. "கொண்டுவா, நான் உருட்டுறன்" என்றா.

நான்தான் இன்னும் முடிவு செய்யவில்லை.

உரும்பிராயிலிருந்து

எல்லாரும் உருகி எழுதுறியள், சரி. ஒரு கேள்வி. பங்கருக்குள்ளை இருந்து வந்த சனத்துக்கு வெள்ளைக்காரப் பிள்ளையளின்ரை மந்திரக்கோல் கதை ஒரு கேடா? எங்கடை சாவை எழுத எங்கடை ஆக்கள் இல்லையோ?

கொக்குவிலிலிருந்து

இருக்கினம். அதையும் வாசிக்கிறம். எங்கடை சாவை எழுதினதை வாசிக்கேக்கை எனக்கு அழுகை வாறேல்லை அண்ணை, கை நடுங்கும். பிரெட்டுக்குத்தான் அழ ஏலுமாய் இருந்தது. உங்களுக்குத் தேவையில்லாட்டில் விடுங்கோ.

திருநெல்வேலியிலிருந்து (தொடங்கினவ)

என்ரை முறை. மேலை வந்ததை எல்லாம் வாசிச்சபிறகு நான் நினைச்சது கொஞ்சம் தெளிவாகுது. எனக்குப் பேரும் கலியாணமும் பிரச்சினை இல்லை. எங்கடை வீடுகளிலும் செத்த ஆக்களின்ரை பேரைத்தானே வைக்கிறம். எனக்குக் கோவம், அந்தப் பத்தொன்பது வருசத்தை விட்டது. 1998 மே 2இலை சண்டை முடியுது. அடுத்த பக்கத்தைப் புரட்டினால் 2017 செப்ரெம்பர் முதலாம் திகதி, ரெயில் நிக்குது, பிள்ளையள் பெட்டியோடை நிக்கினம். இடையிலை பள்ளிக்கூடத்தின்ரை இடிஞ்ச சுவரை ஆர் கட்டினது? எதிர்ப்பக்கம் நிண்ட ஆக்களோடை அடுத்த நாள் சந்தையிலை எப்பிடி முகம் பாத்தவை? எதிர்ப்பக்கம் நிண்ட மல்ஃபோய் தூரத்திலை நிண்டு தலையாட்டுறான், அவ்வளவுதான். அந்தத் தலையாட்டலுக்கு வந்து சேர எத்தினை வருசம் எடுத்திருக்கும்? ஜோர்ஜ் என்ன ஆனான் எண்டு ஒரு சொல்லும் இல்லை.

எங்களுக்கு அந்த இடைவெளிதான் சீவியம். எங்கடை சண்டை முடிஞ்ச 2009 மேயோடை பத்தொன்பதைக் கூட்டிப் பாத்தால் 2028 வருது. இந்தத் துண்டுக்குள்ளைதான் நாங்கள் வீடு கட்டினம், கடன் எடுத்தம், சில பேர் கப்பலேறிச்சினம், சில பேர் இன்னும் காணிக்கு அலையினம். ஏழு புத்தகம் எழுதின மனிசிக்கு இதுக்கு ஒரு பக்கம் கிடைக்கேல்லை.

மானிப்பாய், இப்ப லண்டன்

அக்கா, நான் அந்தப் பின்னுரையின்ரை கட்சி. அடிக்காமல் கேளுங்கோ.

2017 செப்ரெம்பர் 1 அன்று நான் கிங்ஸ் குரொஸ் ஸ்டேசனிலை நிண்டனான். கதைக்குள்ளை ஹரியின்ரை மகன் அல்பஸ் ரெயில் ஏறுற நாள் எண்டு சனம் கூடியிட்டுது. சின்னதுகள் மட்டுமில்லை, முப்பது நாப்பது வயசு ஆக்களும் கழுத்துத்துண்டு சுத்திக்கொண்டு நிண்டவை. சுவருக்குள்ளை பாதி போன தள்ளுவண்டிக்கு முன்னாலை படம் எடுக்க வரிசை. மகளையும் கூட்டிக்கொண்டு போனனான். நிக்கேக்கை அவள் கேட்டாள், "அப்பா, நீங்கள் எந்த ஸ்டேசனாலை பள்ளிக்கூடம் போனீங்கள்?"

1990இலை யாழ்தேவி ரெயில் நிண்டது, 2014 ஒக்ரோபரிலைதான் திரும்ப யாழ்ப்பாணம் வந்தது. நான் படிச்ச காலம் முழுக்கத் தண்டவாளமே இல்லை. தண்டவாளமும் சிலிப்பர்க் கட்டையும் பங்கருக்குப் போயிட்டுது. நான் சொன்னது: "சைக்கிளிலை போனனான்." அவ்வளவுதான். வேறை ஒண்டும் சொல்லேல்லை. பொய்யும் இல்லை.

அண்டு இரவு திரும்ப எடுத்து வாசிச்சன். பள்ளிக்கூடத்திலை ஆர் எந்த விடுதி எண்டு பிரிக்கிற தொப்பி நீ கேக்கிறதையும் கணக்கிலை எடுக்கும் எண்டு ஹரி மகனின்ரை காதுக்குள்ளை சொல்லுற இடம் இருக்கெல்லே. அதை அவன் தன்ரை பிள்ளையள் ஒருத்தருக்கும் அதுவரைக்கும் சொன்னதில்லை எண்டு அதிலை வரும். கவனிச்சனீங்களோ? அந்த ஆள் வீட்டிலை ஒண்டும் கதைக்கிறேல்லை அக்கா. பத்தொன்பது வருசத்தை எழுத்தாளர் விட்டவவோ தெரியாது. தகப்பன் விட்டிருக்கிறான். ரெயில் வெளிக்கிட ரெண்டு நிமிசம் இருக்கேக்கை, பிள்ளை பயந்து போய்க் கேட்டதாலை, ஒரே ஒரு விசயம் வாயிலை இருந்து வருது. நானும் அப்பிடித்தான். என்ரை ஐயாவும் 1958 கலவரத்தைப் பற்றி எனக்கு ஒரு நாளும் சொன்னதில்லை.

யாழ். பல்கலைக்கழக மாணவன்

அண்ணை, இந்த இடத்தை நான் கவனிக்கவேயில்லை. படத்தில் தொப்பி பற்றிச் சொல்வான், ஆனால் இதுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை என்பது இல்லையே?

மானிப்பாய், இப்ப லண்டன்

புத்தகத்திலை பாரும் தம்பி. அது கதாபாத்திரம் வாயாலை சொல்லுறதில்லை, அதாலை படத்திலை வராது.

திருநெல்வேலியிலிருந்து (தொடங்கினவ)

நான் பாத்தன். இருக்குது. அந்த ஒரு வரிக்காக என்ரை கோவத்திலை பாதியைக் குறைக்கிறன், மிச்சம் இருக்கும்.

தனிச் செய்தியிலை ஜோர்ஜைப் பற்றிக் கேட்ட ரெண்டு பேருக்கும்: ரோன் அவனோடை சேர்ந்து அந்தப் பகிடிச் சாமான் கடையை நடத்தினான் எண்டு எழுத்தாளர் பிறகு பேட்டியிலை சொன்னவ. புத்தகத்திலை இல்லாததாலை நான் அதைக் கணக்கிலை எடுக்கிறேல்லை. குருநகர்த் தம்பி, நீர் விரும்பினால் அம்மாவுக்குச் சொல்லும்.