அப்பா எடுத்த 11,000 படங்கள்: எந்தத் தேதியை நம்பிப் பெயர் வைப்பது?

பெரம்பூர்க்காரன்:

வணக்கம். அப்பா 2006-லிருந்து எடுத்த படங்கள் எல்லாம் ஒரு பழைய ஹார்ட் டிஸ்கில் இருந்தன, போன மாதம் அது படுத்துவிட்டது. ரிச்சி தெருவில் ஒரு கடையில் கொடுத்து மீட்டேன். படங்கள் வந்துவிட்டன, ஆனால் பழைய ஃபோல்டரும் இல்லை, பழைய பெயரும் இல்லை, எல்லாம் எஃப்0048213 என்கிற மாதிரி எண்கள்தான். தேதி என்று பார்த்தால் 11,000 படத்துக்கும் கடையில் மீட்ட அந்த ஒரே நாள். கம்ப்யூட்டரில் ஏற்றும்போது மென்பொருளும் அந்த நாளையே பெயராக வைத்துவிட்டது. தாத்தாவின் சதாபிஷேகமும் அக்கா மகன் காதுகுத்தும் ஒரே நாளில் கலந்து கிடக்கின்றன.

இதோடு அப்பாவின் செல்போனிலிருந்து எடுத்த வாட்ஸ்அப் படங்கள் ஒரு 2,000, கொஞ்சம் வீடியோ. எடுத்த தேதி, நேரப்படி எல்லாவற்றுக்கும் பெயர் மாற்ற வேண்டும். அப்பா இப்போது இல்லை, யாரையும் கேட்கவும் முடியாது. எதை நம்புவது என்று யாராவது சொல்லுங்கள்.

மயிலை_படச்சுருள்:

தம்பி, முதலில் ஒன்று செய்யுங்கள். மீட்டதை அப்படியே இன்னொரு டிஸ்கில் நகல் எடுத்து அலமாரியில் வைத்துவிடுங்கள், எந்த வேலையும் இரண்டாவது நகலில்தான்.

நீங்கள் பார்க்கிற தேதி படத்துடைய தேதி இல்லை, ஃபைலுடைய தேதி. விண்டோஸில் ஒரு படத்தை வேறு இடத்துக்கு நகலெடுத்தாலே ‘உருவாக்கிய தேதி’ இன்றைக்கு மாறிவிடும், ‘மாற்றிய தேதி’ வழக்கமாக அப்படியே நிற்கும், மீட்பு மென்பொருள் வழியாக வந்தால் அதுவும் போய்விடும். ஆனால் கேமரா படம் எடுக்கும்போதே ஜேபிஜிக்கு உள்ளே எக்ஸிஃப் என்று ஒரு பகுதியை எழுதுகிறது, எடுத்த நேரம் அதில்தான் இருக்கும். அது படத்தோடு ஒட்டியே இருப்பதால், பெயர் போனாலும் ஃபோல்டர் போனாலும் அது பிழைத்திருக்கும். ஒரு படத்தை ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் போய் ‘டேட் டேக்கன்’ பாருங்கள்.

எக்ஸிஃபிலும் மூன்று தேதி உண்டு, இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். ‘டேட் டைம் ஒரிஜினல்’ என்பது ஷட்டர் அழுத்திய நேரம். ‘டிஜிட்டைஸ்டு’ என்பது டிஜிட்டலாக ஆன நேரம், கேமராவில் இரண்டும் ஒன்றுதான், ஸ்கேன் செய்த படத்தில் இது ஸ்கேன் நாள். வெறும் ‘டேட் டைம்’ என்பது யாராவது எடிட் செய்து சேமித்தால் மாறிவிடும். முதலாவதை மட்டும் வைத்துப் பெயர் மாற்றுங்கள், அது இல்லாத படங்களைத் தனி ஃபோல்டரில் ஒதுக்கிவிடுங்கள்.

இந்தத் தேதிகளைப் படித்துப் பெயர் மாற்ற எக்ஸிஃப்டூல் என்ற மென்பொருள் போதும், இலவசம், ஃபில் ஹார்வி என்பவர் 2003-லிருந்து பராமரித்து வருகிறார். அதில் ‘டெஸ்ட்நேம்’ என்று ஒன்று இருக்கிறது, பெயரை மாற்றாமல் என்னவாக மாறும் என்று மட்டும் காட்டும், முதலில் 20 படத்துக்கு அதை ஓட்டிப் பாருங்கள். பெயர் 2009-04-14_17-32-08 என்ற வரிசையில் இருக்கட்டும், எக்ஸிஃப் நடுவில் முக்காற்புள்ளி (:) போடும், விண்டோஸ் அதைப் பெயரில் ஏற்காது. கடைசியில் அந்த எஃப் எண்ணையும் விட்டுவையுங்கள், ஒரே நொடியில் இரண்டு படம் எடுத்திருந்தால் மோதாது, மூலத்தையும் தேடிப் பிடிக்கலாம்.

குரோம்பேட்டை_அக்கா:

வாட்ஸ்அப் படத்தில் எக்ஸிஃப் இருக்காது தம்பி, அனுப்பும்போதே உதிர்ந்துவிடும் (டாக்குமென்டாக அனுப்பினால் மட்டும் தங்கும்). ஆண்ட்ராய்டில் ஐஎம்ஜி-20170114-டபிள்யூஏ0007 என்று பெயர் இருக்கும், அதில் இருப்பது செல்போனுக்கு வந்து சேர்ந்த நாள், எடுத்த நாள் இல்லை. பொங்கலன்று வந்த படம் பத்து வருஷம் முந்தைய கல்யாணப் படமாகக்கூட இருக்கும். அதனால் அந்த நாளை வைத்துக்கொண்டு முன்னால் ‘வந்தது’ என்று போட்டுவிடுவேன். பழைய பிரின்ட் ஸ்கேன்களுக்கு 1994-00-00 என்று போடுகிறேன், தெரியாத மாதத்தை நாமாக நிரப்பினால் பத்து வருஷம் கழித்து நம் பிள்ளைகள் அதை உண்மை என்று எடுத்துக்கொள்வார்கள்.

அண்ணாநகர்_எடிட்டர்:

வீடியோவை இதோடு சேர்த்து ஓட்டாதீர்கள். எம்பி4, எம்ஓவி இரண்டிலும் நேரத்தை யுடிசியில், அதாவது உலகப் பொது நேரத்தில், எழுத வேண்டும் என்பது விதி, நம் நேரத்தைவிட ஐந்தரை மணி பின்னால். என் தம்பி முகூர்த்தம் விடியற்காலை 4:45, வீடியோவின் பெயர் முந்தைய நாள் இரவு 11:15 என்று வந்து, தாலி கட்டியது ரிசப்ஷனுக்கு நடுவில் போய் உட்கார்ந்துவிட்டது. எக்ஸிஃப்டூலில் ‘குயிக்டைம் யுடிசி’ என்ற விருப்பத்தைச் சேர்த்தால் உள்ளூர் நேரத்துக்கு மாற்றித் தரும். ஆனால் சில கேமராக்கள் விதியை மீறி உள்ளூர் நேரத்தையே எழுதிவிடும், அதனால் ஒவ்வொரு கேமராவுக்கும் நேரம் உறுதியாகத் தெரிந்த ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பெரம்பூர்க்காரன்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி ஓட்டிப் பார்த்தேன், 9,400 படம் ஒழுங்காக விழுந்துவிட்டது. ஒரு சிக்கல். வர்தா புயலுக்கு மறுநாள் எங்கள் தெருவில் விழுந்த வேப்பமரத்தை அப்பா எடுத்திருக்கிறார். புயல் 2016 டிசம்பர் 12, எக்ஸிஃபில் 2013 ஜனவரி 1, 02:14 என்று இருக்கிறது. வெளிச்சம் நன்றாக இருக்கிறது, ராத்திரி இரண்டு மணி இல்லவே இல்லை.

மயிலை_படச்சுருள்:

கேமராவில் பேட்டரி ரொம்ப நாள் இல்லாமல் கிடந்தால் கடிகாரம் ஆரம்பத் தேதிக்குப் போய்விடும், உங்கள் கேமராவுக்கு 2013 ஜனவரி 1, 00:00 போலிருக்கிறது. அதே நேரத்தில் வேறு யாராவது செல்போனில் எடுத்திருக்கிறார்களா? செல்போன் நேரம் டவரிலிருந்து வருவது, நம்பலாம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்டுபிடித்து, எக்ஸிஃப்டூலில் ‘ஆல்டேட்ஸ்’ (அந்த மூன்று தேதியும் சேர்ந்தது) மேல் அவ்வளவையும் கூட்டிவிடுங்கள். கடிகாரம் மறுபடி சரி செய்யப்படும் வரை எடுத்த படங்களுக்கு மட்டும்தான் அந்தக் கணக்கு. எல்லை எங்கே என்று தெரியவில்லை என்றால், பல கேனன் கேமராக்கள் படத்தின் வரிசை எண்ணையும் உள்ளே எழுதிவைக்கும், அதைப் பாருங்கள்.

பெரம்பூர்க்காரன்:

அக்கா செல்போனில் அதே மரம், அதே சாய்ந்த ஈபி கம்பம், பக்கத்தில் அதே பச்சை லுங்கிக்காரர் இருக்கிறார், 2016 டிசம்பர் 13 காலை 7:52. அப்பா கேமரா பிடித்தபடி ஓரத்தில் நிற்கிறார். வித்தியாசம் 1,442 நாள், 5 மணி 38 நிமிஷம். கேமரா கேனன்தான், வரிசை எண் பார்த்து 63 படத்துக்கும் கூட்டிவிட்டேன், எல்லாம் சரியான இடத்துக்கு வந்துவிட்டன.

அந்த 5:38-ஐப் பார்த்துக்கொண்டே இருந்தேன் சார். கடிகாரம் 00:00-இல் தொடங்கியது என்றால் அப்பா அன்று காலை 5:38-க்குக் கேமராவில் பேட்டரி போட்டிருக்கிறார். தெருவே கரண்ட் இல்லாமல் இருட்டாக இருந்த நேரம், நாங்கள் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தோம். அக்காவுக்கு போன் போட்டுச் சொன்னேன். ராத்திரி டார்ச்சிலிருந்து எடுத்த பேட்டரியாக இருக்கும் என்கிறாள்.