பள்ளிகொண்டா டோலில் கழிந்த காசும் அம்மாவின் பென்ஷனும்

ஆம்பூரிலிருந்து:

அம்மா 1996 முதல் 2018 வரை இங்கே ஒரு ஷூ கம்பெனியில் வேலை பார்த்தார். அவருடைய பிஎஃப் பென்ஷன் கணக்கை நானே உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். கடைசி 60 மாதச் சராசரிச் சம்பளம் 6,300. சர்வீஸ் 22 வருடம். 20 முடித்தவர்களுக்கு 2 வருடம் சேர்த்துக்கொள்வார்கள், ஆக 24. பெருக்கி 70-ஆல் வகுத்தால் மாதம் 2,160 ரூபாய். அரிசி விலை ஏறினாலும் அந்தத் தொகை ஏறாது.

அதை வாங்கவும் வருடாவருடம் உயிரோடு இருப்பதற்குச் சான்று கொடுக்க வேண்டும். ஷூ ஒட்டும் சொல்யூஷன் தடவித் தடவி அம்மாவுக்கு விரல் ரேகை தேய்ந்துபோயிருக்கிறது. போன வருடம் கட்டைவிரலை வைத்தார், மெஷின் எடுக்கவில்லை. ஆள்காட்டி விரலும் எடுக்கவில்லை. ஈரத்துணியால் துடைத்துவிட்டு ஒவ்வொரு விரலாக வைத்தோம். ஏழாவது விரலில்தான் பச்சை விளக்கு எரிந்தது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுக்க, அம்மா ஒன்றும் பேசாமல் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

போன மாதம் தம்பி டொராண்டோவிலிருந்து வந்தான். சென்னையில் போய் அழைத்து வந்தேன். பள்ளிகொண்டா டோல்கேட்டில் ஃபாஸ்டேக் காசு கழிந்ததும், "அண்ணா, இதுல ஒரு பங்கு கனடாக்காரங்க பென்ஷனுக்குப் போகுது" என்றான். நம்பவில்லை. வீட்டுக்கு வந்து தேடினால் உண்மைதான். பள்ளிகொண்டா வழியாகப் போகும் வாலாஜாபேட்டை–கிருஷ்ணகிரி சாலையில் டோல் வசூலிக்கும் உரிமையைக் கையில் வைத்திருக்கும் முதலீட்டு அறக்கட்டளையில் கனடா ஓய்வூதிய நிதி 2018-இல் பங்கு வாங்கியிருக்கிறது.

அந்த நிதி ஒரு காலத்தில் தடுமாறியதுதான். இப்படியே போனால் 2015-இல் கையிருப்பு தீர்ந்துவிடும் என்று 1990-களில் கணக்கு சொன்னது. சம்பளப் பிடித்தத்தைப் படிப்படியாக 2003-க்குள் 9.9 சதவீதமாக ஏற்றினார்கள், பாதி தொழிலாளி, பாதி முதலாளி. பணத்தை முதலீடு செய்ய 1997-இல் சட்டம் போட்டுத் தனி வாரியம் வைத்தார்கள். எதில் எவ்வளவு போட்டிருக்கிறோம் என்று அது வெளியே சொல்கிறது.

நம்ம ரோட்டில் அவர்களுக்கு வருமானமா என்று எனக்குக் கோபம் இல்லை. தன் பணம் பள்ளிகொண்டாவில் இருக்கிறது என்று தம்பிக்குத் தெரிகிறது. பிஎஃப் பணத்தில் ஒரு பகுதி 2015-லிருந்து பங்குச் சந்தைக்குப் போகிறது. அப்போது வேலையில் இருந்த அம்மாவுக்கோ கூடத் தைத்தவர்களுக்கோ அதை யாரும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு வலிக்கிறது.

கம்மவான்பேட்டைப் பக்கத்திலிருந்து:

தம்பி, நான் பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து வந்தவன். எனக்குப் பழைய பென்ஷன், அகவிலைப்படியோடு வருகிறது. என் மகன் 2009-இல் மத்திய அரசு வேலைக்குப் போனான். 2004 ஜனவரி 1-லிருந்து சேர்ந்தவர்களுக்குப் புதிய திட்டம்: சம்பளத்தில் பிடித்ததை முதலீடு செய்து, சேர்ந்ததைப் பொறுத்துப் பென்ஷன். முப்படைகளை மட்டும் அதில் சேர்க்கவில்லை. ஒரே வீட்டில் இரண்டு விதமான பென்ஷன்.

சிலியிலும் இதே கதைதான் என்று மகன் சொன்னான். 1981-இல் ராணுவ ஆட்சி பென்ஷனுக்கு ஆளுக்கொரு சேமிப்புக் கணக்கு என்ற முறையைக் கொண்டுவந்தது, ராணுவத்தை மட்டும் அதில் சேர்க்கவில்லை. தொழிலாளி மட்டும் சம்பளத்தில் 10 சதவீதம் போட வேண்டியிருந்தது. பென்ஷன் போதவில்லை என்று பிற்பாடு லட்சக்கணக்கானவர்கள் தெருவில் இறங்கினார்கள். கொரோனா சமயத்தில் அந்தச் சேமிப்பிலிருந்து மூன்று தடவை எடுத்துக்கொள்ளவும் விட்டார்கள். முதலாளியும் பங்கு போட வேண்டும் என்று 2025-இல்தான் சட்டம் வந்தது.

2020 மார்ச்சில் சந்தை விழுந்தபோது மகன் ராத்திரியெல்லாம் போனையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்போது அவன் கணக்கில் பங்குக்குப் போனது 15 சதவீதத்துக்கு மேல் இல்லை, தெரிந்தும் தூக்கமில்லை. நான் ஒரு நாள்கூட அப்படி விழித்ததில்லை. 25 வருடம் முடித்தால் அடிப்படைச் சம்பளத்தில் பாதி பென்ஷனாக உறுதி என்று 2025 ஏப்ரலில் இன்னொரு திட்டம் வந்ததும், மாறலாமா வேண்டாமா என்று இரண்டு பேரும் விடியும்வரை கணக்குப் போட்டோம்.

குடியாத்தத்திலிருந்து:

நான் அரசுப் பள்ளி ஆசிரியை. 2003 ஏப்ரல் 1-க்குப் பிறகு பணியில் சேர்ந்ததால், சம்பளத்தில் பிடித்துச் சேர்க்கும் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில்தான் என்னைச் சேர்த்தார்கள். ஸ்வீடனில் ஒவ்வொருவருக்கும் வருடந்தோறும் ஆரஞ்சு நிற உறையில் கணக்கு வருமாம்: இதுவரை சேர்ந்தது இவ்வளவு, வயதான காலத்தில் மாதம் இவ்வளவு வரலாம் என்று. அப்படி ஒரு காகிதம் தமிழில் வீடு தேடி வந்தால் எங்கள் ஸ்டாஃப் ரூமில் பாதிக் கவலை தீரும்.

ஆம்பூர் அண்ணா, அம்மாவை இனி ரேகைக்கு அலைக்கழிக்காதீர்கள். ஜீவன் பிரமாண் என்ற அரசின் உயிர்ச்சான்று வசதியில் முகத்தைக் காட்டினாலே போதும், வீட்டில் போனிலேயே எடுக்கலாம்.

ஆம்பூரிலிருந்து:

ரொம்ப நன்றிம்மா. நேற்று சாயங்காலம் எடுத்தோம். போட்டோ என்றதும் அம்மா முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். முதல் தடவையிலேயே எடுத்துக்கொண்டது.