ஏர்கான் கேஸ் (குளிரூட்டும் வாயு) தீருமா, தீராதா? 120 வெள்ளி கொடுத்தவன் ஏமாளியா?

பொங்கோல் வாசி:
சிங்கப்பூர் வீட்டுச் செலவு பற்றிய இழையில் கணக்கப்பிள்ளை எழுதியதை அப்படியே தருகிறேன்: "ஏர்கான் கேஸ் தீரவே தீராது. டாப்-அப்புக்குக் காசு கொடுப்பவன் ஏமாளி. மூன்று யூனிட் வீட்டுக்கு ஆண்டுக்கு 300 வெள்ளிக்கு மேல் போனால் கோளாறு ஏர்கானில் இல்லை, உங்களிடம்தான்." அந்த இழையைப் பூட்டிவிட்டார்கள், அதனால் இங்கே கேட்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து கழுவும் ஒப்பந்தம், ஆண்டுக்கு 320 வெள்ளி. ஒரு படுக்கையறை யூனிட்டுக்குக் கெமிக்கல் வாஷ் 100. போன மாதம் ஹால் யூனிட் குளிரவில்லை என்று கேஸ் ஏற்ற 120. ஆக 540. இப்போது ஹால் ஜில்லென்று இருக்கிறது. நான் ஏமாளியா?

கணக்கப்பிள்ளை:
பெயர் சொல்லிக் கூப்பிட்டதால் வந்தேன். ஆமாம்.
கேஸ் என்ன பெட்ரோலா, எரிந்து தீர? மூடிய செப்புக் குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது அது. உள்ளே ஆவியாகும்போது அறையின் வெப்பத்தை எடுக்கும், வெளியே கண்டென்சரில் திரவமாகும்போது அந்த வெப்பத்தை விடும். குறைந்தால் ஓட்டை இருக்கிறது என்று பொருள். ஓட்டையை அடைத்தார்களா? இல்லையென்றால் 120 வெள்ளியைக் காற்றில் விட்டீர்கள்.

தெம்பனிஸ் அக்கா:
எனக்கு விலைதான் புரியவில்லை. விளம்பரத்தில் ஒரு யூனிட் 20 வெள்ளி என்று போடுகிறார்கள். கூப்பிட்டால் குறைந்தது மூன்று யூனிட் செய்ய வேண்டுமாம், 9 விழுக்காடு ஜிஎஸ்டி தனியாம். வந்து பார்த்துவிட்டு "அக்கா, ரொம்ப அழுக்கு, கெமிக்கல் வாஷ் போட்டால்தான் சரியாகும்" என்கிறார்கள். இவர் 300 என்கிறார், அவர் 540 என்கிறார். எதை வைத்துச் சொல்கிறீர்கள்? சாதா சர்வீஸா, கெமிக்கலா?

கணக்கப்பிள்ளை:
அது வேறு பேச்சு அக்கா. இங்கே கேள்வி கேஸ்.

குழாய்த் தம்பி:
நான் இந்த வேலை செய்கிறவன். சாதா சர்வீஸ் என்றால் ஃபில்டர், மேல்மூடி, காயிலின் (குளிர்விக்கும் குழாய்ச் சுருள்) முன்பக்கம், டிரே ஆகியவற்றைச் சுத்தம் செய்து, தண்ணீர் போகும் குழாயை வேக்குவம் போட்டு உறிஞ்சுவது. கெமிக்கல் வாஷ் என்றால் காயிலுக்கு ரசாயனம் அடித்துக் கழுவுவது. ஓவர்ஹால் என்றால் யூனிட்டைச் சுவரிலிருந்தே இறக்கிக் கழற்றுவது, அதற்கு விலை இன்னும் அதிகம். தண்ணீர் சொட்டுகிறது என்று கூப்பிடும் வீடுகளில் பெரும்பாலும் குழாயில் கொழகொழவென்று பாசிதான் அடைத்திருக்கும். இந்த மூன்றுக்கும் தனித்தனி விலை, அதைச் சேர்த்துப் பேசினால் சண்டைதான் வரும்.
கேஸைப் பற்றி: அண்ணன் சொல்வது சரி, தானாகத் தீராது. ஆனால் கசியும். பெரும்பாலும் குழாய் இணைப்பில் ஃபிளேர் நட் இறுக்கிய இடத்தில் மிக மெதுவாகக் கசியும். குழாய் சுவருக்குள்ளே போயிருந்தால் தேடிப் பிடிப்பது பெரிய செலவு, அதனால் சிலர் தெரிந்தேதான் ஏற்றிக்கொள்கிறார்கள்.

கணக்கப்பிள்ளை:
பார்த்தீர்களா, தொழில் தெரிந்தவரே சொல்லிவிட்டார், தீராது என்று.

பொங்கோல் வாசி:
"ஆனால் கசியும்" என்பதைப் படிக்காமல் தாண்டிவிட்டீர்களே ஐயா. வாட்டர் ஹீட்டர் இழையிலும் இப்படித்தான் பாதி வரியை வெட்டி எடுத்து வெற்றி கொண்டாடினீர்கள்.

கணக்கப்பிள்ளை:
வாட்டர் ஹீட்டரில் நான் சொன்னதுதான் நடந்தது. அதை இங்கே இழுக்க வேண்டாம்.
ஒன்று கேட்கிறேன். ஹால் மட்டும்தானே குளிரவில்லை? மற்ற இரண்டு அறையும் குளிர்ந்ததா? உங்களுடையது சிஸ்டம் 3. வெளியே ஒரே கண்டென்சர், மூன்றுக்கும் ஒரே கேஸ். குறைந்தால் மூன்றும் சேர்ந்து படுக்க வேண்டும். ஹால் மட்டும் படுத்தால் அது கேஸ் இல்லை, அழுக்கு. கழுவினான், குளிர்ந்தது. கூடவே 120 வெள்ளி வாங்கிக்கொண்டு போய்விட்டான். இதைக்கூட யோசிக்காமல் ஒரு இழை திறந்திருக்கிறீர்கள்.

பொங்கோல் வாசி:
எங்களுடையது பழைய யூனிட், இன்வெர்ட்டர் இல்லை. காயிலில் ஐஸ் கட்டியதை என் கண்ணால் பார்த்தேன். கேஜ் வைத்து கேஸ் அழுத்தம் 60 பிஎஸ்ஐ என்று காட்டினார். 60 குறைவு என்றார். நீங்கள் என்ன, என் வீட்டுக்கு வந்து பார்த்தீர்களா?

குழாய்த் தம்பி:
பழைய சிஸ்டம் 3 சிலவற்றில் இரண்டு கம்பிரசர் இருக்கும். அப்படியென்றால் ஹால் மட்டும் தனியாகப் படுக்கலாம். ஐஸ் கட்டுவது கேஸ் குறைந்தாலும் நடக்கும், ஃபில்டரும் காயிலும் அடைத்துக் காற்று போகாவிட்டாலும் நடக்கும். 60 என்பது எந்த வகை கேஸில் என்று தெரிய வேண்டும். ஆர்22 ஓடும்போது 60, 70 என்பது வழக்கமான அளவுதான். ஆர்410ஏ என்றால் நூறுக்கு மேல் இருக்க வேண்டும், 60 நிச்சயம் குறைவு. 2022 அக்டோபருக்குப் பிறகு இங்கே விற்க வரும் புது வீட்டு யூனிட் பெரும்பாலும் ஆர்32. இன்வெர்ட்டரில் கம்பிரசர் வேகம் மாற மாற கேஜும் ஏறி இறங்கும், அதை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது.

கணக்கப்பிள்ளை:
60! பழைய யூனிட் என்று அவரே சொல்கிறார். பழையது என்றால் ஆர்22. ஆர்22 என்றால் 60 சரியான அளவு. சரியாக இருந்த கேஸுக்கு மேல் கேஸ். வாழ்த்துகள்.

பொங்கோல் வாசி:
பழையது என்றால் ஆர்22 என்று யார் சொன்னது? பழைய ஆர்410ஏ இல்லையா?

கணக்கப்பிள்ளை:
அப்போ எது? வெளி யூனிட்டில் ஒட்டியிருக்கும் தகட்டில் எழுதியிருக்கும். படம் போடுங்கள்.

பொங்கோல் வாசி:
உங்களுக்காக 14ஆம் மாடியில் சன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் படம் எடுக்க வேண்டுமா?

உட்லண்ட்ஸ் வாடகைக்காரன்:
மன்னிக்கவும், ஒரு சந்தேகம். வாடகை ஒப்பந்தத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சர்வீஸ் என் செலவில் செய்ய வேண்டும் என்று இருக்கிறது. செய்து ரசீதும் வைத்திருக்கிறேன். இப்போது ஓனர் கெமிக்கல் வாஷும் என் தலையில் கட்டுகிறார். இரண்டு யூனிட்டுக்கு 200 வெள்ளி கேட்கிறார். கொடுக்க வேண்டுமா?

தெம்பனிஸ் அக்கா:
ஒப்பந்தத்தில் கெமிக்கல் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள் தம்பி. எல்லாரும் ஏர்கானை 18 டிகிரியில் வைத்துப் போர்வை போர்த்திக்கொண்டு தூங்குகிறீர்கள், அப்புறம் செலவு செலவு என்கிறீர்கள். சுற்றுப்புற வாரியம் 25 வையுங்கள் என்கிறது. ஃபேனைப் போட்டுவிட்டு 25இல் வைத்தால் போதும். ஃபில்டரை நானே குழாயடியில் கழுவிக் காயவைத்து மாட்டுகிறேன். ஆண்டுக்கு இரண்டு தடவைதான் ஆள் வருகிறார்.

பொங்கோல் வாசி:
25இல் என் மகன் தூங்க மாட்டான் அக்கா.

தெம்பனிஸ் அக்கா:
நாங்களெல்லாம் பழைய புளோக்கில் ஃபேன்கூட இல்லாமல் வளர்ந்தவர்கள்.

கணக்கப்பிள்ளை:
பேச்சை 25 டிகிரிக்கு மாற்றிவிட்டால் கேஸ் மறந்துவிடும் என்று நினைக்கிறார் போலும். ஏமாற்றியதாகத் தோன்றினால் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் 10 வெள்ளி கட்டி வழக்குப் போடலாம். அல்லது பயனீட்டாளர் சங்கமான கேஸில் (CASE) புகார் கொடுக்கலாம்.

பொங்கோல் வாசி:
கேஸுக்காகக் கேஸில் கேஸ் போடச் சொல்கிறீர்களா? 120 வெள்ளிக்கு அரைநாள் விடுப்பு எடுக்க நான் என்ன வேலையில்லாதவனா? ஒரே நாளில் இத்தனை பதிவு போட எனக்கு நேரமும் இல்லை.

கணக்கப்பிள்ளை:
என் நேரத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். ரசீதைக் காட்டுங்கள். எந்த கேஸ், எவ்வளவு ஏற்றினான், ஓட்டை பார்த்தானா, இந்த மூன்றும் அதில் இருக்க வேண்டும்.

பொங்கோல் வாசி:
ரசீது என் மனைவியிடம் இருக்கிறது. உங்களுக்கு எதற்குக் காட்ட வேண்டும்?

கணக்கப்பிள்ளை:
அப்போ இல்லை.

குழாய்த் தம்பி:
அண்ணே, ரசீதில் பெரும்பாலும் "கேஸ் டாப்-அப்" என்று மட்டும்தான் எழுதுவார்கள். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அடுத்த தடவை ஆள் வரும்போது ஏற்றுவதற்கு முன் ஒரு படம், பின் ஒரு படம், கேஜோடு எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கணக்கப்பிள்ளை:
அடுத்த தடவையா? தீராத கேஸுக்கு அடுத்த தடவை எங்கிருந்து வந்தது தம்பி? நீங்களும் அந்தக் கட்சிதானா?

குழாய்த் தம்பி:
நான் எந்தக் கட்சியும் இல்லை. நாளைக்குக் காலையில் செங்காங்கில் நாலு வீடு இருக்கிறது, தூங்கப் போகிறேன்.

உட்லண்ட்ஸ் வாடகைக்காரன்:
ஒப்பந்தத்தைப் பார்த்துவிட்டேன் அக்கா, கெமிக்கல் என்று எங்கும் எழுதவில்லை. ஓனர் விடுகிற மாதிரி இல்லை. யாராவது அவருக்கு என்ன பதில் சொல்லலாம் என்று சொல்லுங்களேன்.

கணக்கப்பிள்ளை:
சொல்கிறேன். அவர் கேஸ் டாப்-அப் என்று பில் நீட்டினால் ஒரு காசு கொடுக்காதீர்கள்.

உட்லண்ட்ஸ் வாடகைக்காரன்:
சார், அவர் கேட்பது கெமிக்கல் வாஷ்.

கணக்கப்பிள்ளை:
இன்றைக்குக் கெமிக்கல் கேட்பான். நாளைக்குக் கேஸ் என்பான்.