மறு: எக்ஸ்போஷர் – ‘வெளிப்பாடு’ சரிதானா?

நண்பர்களுக்கு வணக்கம். காற்றுமாசு ஆய்வுகளில் வரும் ‘எக்ஸ்போஷர்’ (exposure) என்பதைத் தமிழில் எப்படி எழுதுவது என்ற பேச்சுக்கு என் பதில் இது.

> ‘வெளிப்பாடு’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. மாற்ற வேண்டாமே.

புழக்கத்தில் இருக்கிறதுதான். ஆனால் ‘வாகனப் புகை வெளிப்பாடு’ என்று எழுதிவிட்டுப் படித்துப் பாருங்கள். வண்டி விடும் புகையா, ஆள்மேல் படும் புகையா? படிப்பவர் முதலாவதைத்தான் எடுத்துக்கொள்வார். போதாக்குறைக்கு, மரபணுக்காரர்களும் இதே சொல்லை வேறு பொருளில் (gene expression) வைத்திருக்கிறார்கள்.

காற்றுமாசு, உடல்நல ஆய்வுகளில் மூன்றைப் பிரித்தாக வேண்டும். காற்றில் இருப்பது செறிவு. மூச்சோடு உள்ளே போய்ச் சேர்வது உள்ளளவு. இரண்டுக்கும் நடுவே, மாசும் ஆளும் எந்தச் செறிவில், எவ்வளவு நேரம் சந்திக்கிறார்கள் என்பதற்குத்தான் சொல் தேடுகிறோம். ஒரே தெருவில் ஒருவர் சன்னலை மூடிக்கொண்டு தூங்குகிறார், ஒருவர் அடுப்புப் புகையில் நிற்கிறார், ஒருவர் சிக்னலில் லாரிக்குப் பின்னால் பைக்கில் காத்திருக்கிறார். அருகிலுள்ள கண்காணிப்பு நிலையம் மூவருக்கும் ஒரே எண்ணைத்தான் தரும். காற்றுமாசுக்கும் இறப்புக்கும் உள்ள தொடர்பைப் பார்த்த, 1993-இல் வெளியான அமெரிக்க ‘ஆறு நகரங்கள்’ ஆய்வும் நகரத்தின் மைய நிலையத்தில் அளந்ததையே அந்நகரத்தார் அனைவருக்கும் வைத்துக்கொண்டது. பிற்பாடு, சாலை எவ்வளவு பக்கம், போக்குவரத்து எவ்வளவு என்றெல்லாம் சேர்த்து வீட்டு முகவரிக்கே செறிவைக் கணிக்கும் கணித மாதிரிகள் வந்தன. அவையும் வாசலோடு நின்றுவிடுகின்றன. ஆங்கிலக் கட்டுரைகளே செறிவை எக்ஸ்போஷர் என்று தாராளமாக எழுதுகின்றன. அந்தக் குழப்பத்தை நாமும் இறக்குமதி செய்ய வேண்டுமா?

சரி, மாற்று என்ன? ‘வெயில் படுகிறது’ என்கிறோமே, அந்தப் ‘படு’வில் தொடங்கினேன். ‘மாசுபடல்’ ஏற்கெனவே வேறு பொருளில் இருக்கிறது. ‘படுமாசு’ படுமோசத்துக்குத் தம்பி போல இருக்கிறது. ‘மேற்படல்’ என்றால், ‘40 மைக்ரோகிராமுக்கு மேற்பட்ட’ என்று எழுதும் இடத்தில் இடிக்கும். ‘உட்படல்’ பரவாயில்லை, ஆனால் ‘உள்’ வந்ததும் உள்ளளவோடு குழம்பும்.

என் வாக்கு ‘எதிர்ப்படல்’. வழியில் ஒருவர் எதிர்ப்படுவதுபோல மாசும் எதிர்ப்படுகிறது. கெடுதல் நடந்ததா என்பதைச் சொல் முன்கூட்டியே தீர்மானிப்பதில்லை. ‘பாதிப்பு’ என்று எழுதுவோர் கெடுதல் நடந்துவிட்டதாகவே தீர்மானித்துவிடுகிறார்கள். தனியாள் எதிர்ப்படல், நீண்டகால எதிர்ப்படல், எதிர்ப்படல் மதிப்பீடு எல்லாம் சிக்கலின்றி வருகின்றன.

ஓர் இடத்தில் மட்டும் உறுத்துகிறது. ஆய்வில் மாசு பட்டவர்கள், படாதவர்கள் என்று இரு குழுக்களைப் பிரிக்கும்போது ‘எதிர்ப்பட்டோர்’ என்றால் கடைத்தெருவில் சந்தித்தவர்கள் மாதிரி ஒலிக்கிறது. ‘மாசுக்கு எதிர்ப்பட்டோர்’ என்று எழுதிப் பார்த்தேன், கொஞ்சம் தேவலாம். இதைவிட நல்லதாக ஏதாவது தட்டுப்பட்டால் சொல்லுங்கள்.