15 வயது மகளின் வயலின்: கர்நாடகமா, மேலைத்தேயமா?

வெள்ளவத்தைத் தாய்:
வணக்கம். என் மகள் சிறுவயது முதல் கர்நாடக வயலின் பயின்று, வட இலங்கை சங்கீத சபையின் நாலாந் தரப் பரீட்சையிலும் சித்தியடைந்திருக்கிறாள். கடந்த ஆண்டு பாடசாலையின் மேலைத்தேய வாத்தியக் குழுவில் சேர்ந்த பின், பலர் வெவ்வேறு பகுதிகளை ஒரே நேரத்தில் வாசிக்கும்போது எழும் அந்த ஒலியில் அவள் மனம் முற்றாக ஈடுபட்டுவிட்டது. ஆனால் தோடி இராக ஆலாபனையில் அசைந்து ஒலிக்க வேண்டிய காந்தாரச் சுரம் (க) அசைவின்றி நிற்பதாக அவளுடைய குரு வருந்துகிறார். அடுத்த ஆண்டு க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையும் வருவதால், இரண்டில் ஒன்றை நிறுத்தச் சொல்வதா என்று தெரியாமல் இருக்கிறேன்.

தெஹிவளை ஆசிரியை:
நிறுத்தச் சொல்லாதீர்கள், அம்மா. தரையில் அமர்ந்து வயலினின் தலைப்பகுதியை வலது கணுக்காலில் ஊன்றி வாசிக்கும்போது, வாத்தியத்தைத் தாங்கும் பொறுப்பு இடது கைக்கு இல்லாததால், விரல் தந்தியின் நீளமெங்கும் தடையின்றி வழுக்கிச் செல்கிறது. தோளில் வைத்து வாசிக்கும் மேலைத்தேய முறையிலோ விரல்கள் குறித்த இடங்களில் துல்லியமாகப் பதிய வேண்டும். அந்தப் பழக்கமே காந்தாரத்தில் தெரிகிறது. தோடியின் சஞ்சாரங்களை (அந்த இராகத்துக்குரிய சுரக் கோவைகளை) சுருதிப்பெட்டியுடன் முதலில் வாயால் பாடிவிட்டு அதன் பின்னரே வில்லை எடுக்கட்டும். பாட்டில் கமகம், அதாவது சுரத்தின் அசைவு, சரியாக இருந்தால் விரல் அதைத் தேடிப் பிடித்துவிடும்.

இன்னொன்று: நாம் நான்கு தந்திகளையும் ச-ப-ச-ப என்று சுருதி கூட்டுகிறோம், மேலைத்தேய முறையில் அவை ஒன்றிலிருந்து ஒன்று பஞ்சம (ச-ப) இடைவெளியில் ஏறிச் செல்லும். ஒரே வயலினை நாள்தோறும் இரண்டுக்குமாக மாற்றிக்கொண்டிருந்தால் தந்திகள் சுருதியில் நிலைத்து நில்லா. குழுவுக்கென்று பாடசாலை வயலின் ஒன்றை இரவல் பெற முடியுமா என்று கேளுங்கள்.

பம்பலப்பிட்டி இரசிகர்:
புகழ்பெற்ற வயலின் கலைஞர் எல். சுப்பிரமணியம் தம் இளமைக் காலத்தை யாழ்ப்பாணத்தில் கழித்தவர். அங்கே இசை கற்பித்த தந்தை வி. லட்சுமிநாராயணாவிடம் பயின்ற அவர், 1958 கலவரத்தின் பின் குடும்பத்துடன் சென்னை சென்று, மருத்துவமும் படித்து, பின்னர் கலிபோர்னியாவில் மேலைத்தேய இசையில் முதுகலைப் பட்டம் பெற்றார். கர்நாடக அடித்தளம் உறுதியான பின்னரே அவர் மற்றதற்குச் சென்றார் என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். ஆகவே பரீட்சை ஆண்டில் நேரம் போதாமற்போனால், குழுவின் ஒத்திகைகளைக் குறைக்கலாம். குருவிடம் செல்வதைக் குறைக்க வேண்டாம்.

இளம் வயலின் கலைஞன்:
முன்னவரின் கருத்துடன் முழுமையாக உடன்பட முடியவில்லை. அந்த வயதில் எனக்கும் குழுவில் வாசிப்பதுதான் பிறரைக் கேட்கக் கற்றுத் தந்தது. அடுத்த வரிசையில் இருப்பவரின் வில் எந்தத் திசையில் செல்கிறது என்பதைக் கவனித்துப் பழகிய பிறகு, வாய்ப்பாட்டுக்குப் பக்கவாத்தியம் வாசிக்க அமர்ந்தபோது, பாடகர் அடுத்து எந்தச் சுரத்தில் நிற்கப் போகிறார் என்பதை அவர் மூச்சு எடுக்கும் விதத்திலிருந்தே உணர முடிந்தது. உங்கள் மகளை நவராத்திரிக்குக் கோயிலில் பாடும் ஒருவருக்குப் பக்கவாத்தியமாக வாசிக்க விடுங்கள். பாடகரின் ஆலாபனையை நிழல்போலத் தொடர்ந்து, பின்னர் தன் முறை வரும்போது அதே இராகத்தைத் தனியாக விரிக்க நேர்ந்தால், அந்தக் காந்தாரம் அசையாமல் இருக்காது.

வெள்ளவத்தைத் தாய்:
மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இரவல் வயலின் பற்றிப் பாடசாலையில் திங்கட்கிழமை கேட்கிறேன். பக்கவாத்தியம் வாசிக்கும் யோசனையை மகளிடம் சொன்னேன். எந்த இராகங்களைத் தயார்செய்ய வேண்டும் என்று குருவிடம் கேட்கப் பட்டியல் எழுதத் தொடங்கிவிட்டாள்.