'தற்காலிகப் பிணையம்' வேண்டாம், 'தற்கூடல் பிணையம்' எப்படி?

நண்பர்களுக்கு வணக்கம்.

கணினிப் பிணையச் சொற்களைத் தமிழாக்கும் நம் உரையாடலில், மொபைல் ஐபிக்கு (கருவி வேறு பிணையத்துக்கு நகர்ந்தாலும் அதன் இணைய முகவரியை மாறாமல் வைக்கும் முறை) 'கைபேசி இணைய முகவரி', அட் ஹாக் நெட்வொர்க்குக்கு (நடுவில் நிலையம் இல்லாமல் கருவிகள் தாமே இணையும் பிணையம்) 'தற்காலிகப் பிணையம்' என்ற இரண்டு முன்மொழிவுகளையும் என்னால் ஏற்க முடியவில்லை.

மொபைல் ஐபி கைபேசிக்கு மட்டும் உரியதல்ல. மடிக்கணினியும் இருக்கலாம், வண்டியில் பொருத்திய கருவியும் இருக்கலாம். 'நகரும் முகவரி' என்பதும் தவறு. நகர்வது கருவி, முகவரி மாறாமல் இருக்கவேண்டும் என்பதற்காகத்தான் 1996 அக்டோபரில் ஆர்எஃப்சி 2002 (இணைய நெறிமுறைகளை விவரிக்கும் ஆவண வரிசையில் 2002ஆம் எண்) வந்தது. 'நிலை முகவரி' என்றால் ஸ்டாட்டிக் ஐபியோடு (ஒரு கருவிக்கு நிலையாக ஒதுக்கிய முகவரி) குழம்பும். கருவியோடு கூடவே போவதால் 'உடன்செல் முகவரி' என்கிறேன்.

கருவி வெளியே போயிருக்கும்போது அங்கே அதை எட்ட உதவும் கேர் ஆஃப் அட்ரஸுக்கு நம்மிடம் சொல் இருக்கிறது. நான் விடுதியில் படித்த காலத்தில், ஊருக்கு வரும் என் கடிதங்களை அப்பா பிரிக்கமாட்டார். அப்படியே இன்னொரு உறைக்குள் வைத்து, மேலே என் பெயர், அடியில் 'மே/பா விடுதிக் காப்பாளர்' என்று எழுதி அனுப்புவார். வெளியுறையைக் கிழித்தால் உள்ளே ஊர் முகவரி அடித்தல் திருத்தம் இல்லாமல் இருக்கும். கருவியின் சொந்தப் பிணையத்தில் இருக்கும் ஹோம் ஏஜென்ட், பொட்டலத்துக்கு (பாக்கெட், பிணையத்தில் போகும் தரவுத் துண்டு) செய்வதும் இதுவே. எனவே 'மே/பா முகவரி', 'உறையிடல்', 'தாயக முகவர்'. கருவி போய்ச் சேர்ந்த பிணையத்தில் அதற்கு உதவும் ஃபாரின் ஏஜென்டை 'அயல்நாட்டு முகவர்' ஆக்கவேண்டாம். 'புகலிட முகவர்' போதும்.

'தற்காலிக' என்பது காலத்தைச் சொல்கிறது. ஆண்டுக்கணக்கில் ஓடினாலும் அட் ஹாக் அட் ஹாக்தான். திருமண மண்டபத்தில் ஒரு நாளுக்கு மட்டும் வைத்த வைஃபை தற்காலிகமானது, ஆனால் அட் ஹாக் அல்ல. நடுவில் கோபுரமோ தனித் திசைவியோ இல்லாமல், கருவிகள் தாமே கூடி ஒன்றின் பொட்டலத்தை மற்றொன்று சுமப்பதுதான் இங்கே உயிர். 'கைமாற்று வலை' என்ற யோசனை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. வரிசையாக நின்று செங்கல் கைமாற்றுவது கண்முன் வந்தது. ஆனால் ஹேண்ட் ஆஃபை (கருவி ஓர் இணைப்பிலிருந்து அடுத்ததற்கு மாறுவது) ஏற்கெனவே 'கைமாற்றம்' என்று எழுதுகிறோம். இரண்டும் ஒரே பத்தியில் வரும் துறை இது. ஆகவே தன் + கூடல், 'தற்கூடல் பிணையம்'.

உடன்செல் முகவரி, தற்கூடல் பிணையம் இரண்டையும் இணைக்கும் இடத்தில் எழுதிப் பார்த்தால்தான் சொற்களின் வலு தெரியும். 'நான் இங்கே இருக்கிறேன்' என்னும் புகலிட முகவரின் அறிவிப்பு வழக்கமாக ஒரே இணைப்புக்குள் அடங்கிவிடும். தற்கூடலில் அவர் மூன்று தாவல் (ஹாப், பொட்டலம் ஒரு கருவியிலிருந்து அடுத்ததற்குப் போகும் ஒரு படி) தள்ளி இருக்கலாம். அதனால் அறிவிப்பைக் கருவிகள் கடத்திவிட வேண்டும். முகவரியைப் பார்த்து ஒரு கருவி தற்கூடலுக்கு உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்றும் சொல்ல முடியாது, முகவரி தாயகத்தைத்தானே காட்டும்! ஏஓடிவி (ஆர்எஃப்சி 3561, 2003 ஜூலை) போன்ற, தற்கூடலில் வழி தேடும் நெறிமுறையில் முதலில் அக்கம்பக்கத்தில் வழி கேட்கவேண்டும். பதில் வராவிட்டால் பொட்டலத்தைப் புகலிட முகவரிடம் ஒப்படைக்கலாம். தேவைப்படும்போது மட்டும் கேட்பதால் இதைக் 'கேட்டறி வழிப்படுத்தல்' என்று எழுதிவருகிறேன்.

'ஹாப்'புக்குத் 'தாவல்' எனக்கு அரைமனதுதான், உலாவியின் டேபும் தாவலாகிவிட்டது. 'எட்டு' என்றால் எண்ணோடு குழம்பும். வேறு சொல் இருந்தால் தாருங்கள்.