முதல் நாவல், 432 பக்கம், பதிப்பகம் 90 ஆயிரம் கேக்குறாங்க, குடுக்கலாமா?

உப்பளத்தான்:

வணக்கம் அண்ணாச்சிமாரே, அக்காமாரே. எனக்கு தூத்துக்குடி பக்கம். உப்பளத்துல வேலை பாக்குற ஒரு குடும்பத்தோட மூணு தலைமுறைக் கதைய நாவலா எழுதி முடிச்சிருக்கேன். சில பதிப்பகத்துக்கு மெயில் போட்டேன், பாதிப் பேரு பதிலே போடல, ஒருத்தர் இந்த வருஷ லிஸ்ட் முடிஞ்சிருச்சுன்னுட்டாரு. ஒரு பதிப்பகம் மட்டும் மறுநாளே போன் பண்ணி நாவல் பிரமாதம் சார், லேஅவுட்ல 432 பக்கம் வரும், ஜனவரி புத்தகக் காட்சிக்கு கொண்டு வந்துரலாம், 300 காப்பி அடிக்கலாம், நீங்க 90,000 குடுத்தா போதும், உங்களுக்கு 100 காப்பி, மிச்சம் 200 நாங்க விப்போம், வித்ததுக்கு 10 பர்சன்ட் ராயல்டின்னு சொல்லி ஒப்பந்தத்தையும் அனுப்பிட்டாங்க. விலை 500ன்னு வைக்கிறாங்களாம். கொட்டேஷன்ல புக்குக்கு ஐ.எஸ்.பி.என். நம்பர் வாங்க தனியா 3,000ன்னு வேற இருக்கு.

வீட்டுல நகைய வச்சாவது போடுங்கன்னுதான் சொல்றாவ. எனக்குத்தான் மனசு ஒப்பல. இதுதான் நடைமுறையா, இல்ல நான் ஏமாறப் போறேனா? அமேசான் கிண்டில்ல மின்னூலா போட்டுட்டு சும்மா இருக்கலாமான்னும் ஒரு யோசனை. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஃபாரம்_கணக்கு:

திருவல்லிக்கேணில லேஅவுட் வேலை பாக்குறேன், பதிப்பகங்களுக்கும் பண்றேன், தனியா புக்கு போடுறவங்களுக்கும் பண்றேன். கணக்க மட்டும் சொல்றேன், முடிவு உங்களுது.

டெமி சைஸ்ல, அதான் வழக்கமான நாவல் சைஸ்ல, 16 பக்கம் சேந்தது ஒரு ஃபாரம், உங்களுது சரியா 27 ஃபாரம். 300 காப்பின்னா, பிளேட் போட்டு நிறைய அடிக்கிற ஆப்செட்ல ஏத்த மாட்டாங்க, டிஜிட்டல்தான். இப்ப நான் அடிச்சு வாங்குற ரேட்டுக்கு இந்த தடிமனுக்கு அட்டையோட சேத்து காப்பி 200 ரூபா பக்கத்துல வரும், பேப்பர் நல்லதா போட்டா கொஞ்சம் கூட, பிரஸ்ஸுக்கு பிரஸ் மாறும், நீங்களே ரெண்டு மூணு இடத்துல கொட்டேஷன் கேட்டுப் பாருங்க. அப்ப 300 காப்பிக்கு 60,000. லேஅவுட்டுக்கு ஒரு 10,000, அட்டை டிசைனுக்கு ஒரு 5,000ன்னு தாராளமாவே வைங்க. 75,000. ஆக உங்க காசுலயே புக்கு மொத்தமும் அடிச்சு முடிஞ்சு அவங்க கைல 15,000 நிக்குது, இன்னும் ஒரு காப்பி கூட விக்கல. அதுக்கப்புறம் அந்த 200 காப்பி இருக்கு பாருங்க, கடைக்காரருக்கு 40 பர்சன்ட் கழிவு போனாலும் காப்பிக்கு 300 அவங்களுக்கு, மொத்தமும் வித்தா 60,000, அதுல உங்களுக்கு ராயல்டி 200 பெருக்கல் 50, பத்தாயிரம். நீங்க காசு போட்டு அடிச்ச புக்குக்கு உங்களுக்கே 10 பர்சன்ட்! இதுல ராயல்டிங்கிற பேரே தப்புங்க. முதல் போடுறவன் ரிஸ்க் எடுக்குறான், அதனால எழுதுனவனுக்கு 10 பர்சன்ட்டுங்கறதுதான் காலகாலமா இருக்குற ஏற்பாடு. இங்க ரிஸ்க் பூரா உங்க தலைல.

ஐ.எஸ்.பி.என். நம்ம நாட்டுல இலவசம். ராஜா ராம்மோகன் ராய் பேர்ல உள்ள ஒன்றிய அரசு ஏஜென்சி குடுக்குது, ஆன்லைன்லயே விண்ணப்பம், எழுத்தாளர் தன் பேருலயே வாங்கிக்கலாம். அதுக்கு 3,000 போட்ருக்காங்கன்னாலே மத்த கணக்கு எப்படி இருக்கும்னு பாத்துக்கங்க.

இன்னொன்னு, ஃபைல். பழைய ஃபான்ட்டுல அடிச்சு யூனிகோடுக்கு மாத்துனீங்கன்னா கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுட்டு படிக்கணும். ஔ வர்ற இடத்துல ஒ பக்கத்துல ள தனியா நிக்கும், கால் வர்ற இடத்துல ர வந்து உக்காரும், திரைல பாத்தா வித்தியாசமே தெரியாது, தேடுனா மட்டும் சிக்காது. கிண்டில்ல போட்டா இன்னும் அசிங்கம், வேற எழுத்துருல பளிச்சுன்னு தெரியும். இன்டிசைன்ங்கற லேஅவுட் சாஃப்ட்வேர்ல போடுறவங்க வேர்ல்டு ரெடி கம்போசர்ங்கற செட்டிங்க செலக்ட் பண்ணாம விட்டா கொம்பு எழுத்துக்குப் பின்னாடி போயிரும், அதுவே தெரியாம புக்கு போடுறவங்க இன்னும் இருக்காங்க. அதனால பிரஸ்ஸுக்கு போறதுக்கு முன்னாடி கடைசி பி.டி.எஃப்.ப பேப்பர்ல பிரின்ட் எடுத்து நீங்களே ஒரு தடவ படிங்க.

ஸ்டால்_நாற்காலி:

சின்னதா ஒரு பதிப்பகம் நடத்துறேன். எழுத்தாளர்கிட்ட காசு வாங்குறதில்ல, அதனால வருஷத்துக்கு ரெண்டு மூணு நாவலுக்கு மேல போடவும் முடியறதில்ல.

மேல சொன்ன கணக்கு சரிதான், மறுக்கல. ஆனா எங்க பக்கமும் கேளுங்க. முன்னாடியெல்லாம் அரசு நூலக ஆர்டர் வரும்னு நம்பி 1,000, 1,200 காப்பி அடிப்பாங்க, நூலகத்துக்குப் போனதே அச்சுக் கூலிய எடுத்துக் குடுத்துரும். அந்த ஆர்டர் எப்ப வரும், எத்தன காப்பி, பணம் எந்த வருஷம்னு எதுவும் கைல இல்லங்கவும் எல்லாரும் 200, 300ன்னு இறங்கிட்டோம். கொஞ்சமா அடிச்சா காப்பி விலை ஏறும், விலை ஏறுனா வாங்க மாட்டாங்க. 500 ரூபா புக்க ஸ்டால்ல எடுத்து பின்னட்டைய படிச்சிட்டு விலையப் பாத்து திருப்பி வைக்கிறவங்கள சென்னைப் புத்தகக் காட்சி நடக்குற நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துல தினம் பாக்குறேன். அங்க எல்லா ஸ்டால்லயும் 10 பர்சன்ட் கழிவு வழக்கம், அதுவும் எங்க கணக்குல. புது ஆளோட 432 பக்க நாவல்னா, உண்மைய சொல்றேன், நானும் யோசிப்பேன்.

இன்னொரு விஷயம் யாரும் சொல்லல. மறுநாளே போன் பண்ணி பிரமாதம்னாங்களே, 432 பக்கம் ஒரு ராத்திரில படிச்சாங்களா? காசு வாங்குற பதிப்பகத்துல எடிட்டிங் இருக்காது, ஏன்னா வெட்ட வெட்ட பக்கம் குறையும், பக்கம் குறைஞ்சா பில்லும் குறையும். க்ரியா பதிப்பகம் நடத்துன ராமகிருஷ்ணன் மாதிரி வரிவரியா எழுத்தாளரோட உக்காந்து வேலை செஞ்ச ஆளுங்க தமிழ்ப் பதிப்புல ரொம்பக் குறைச்சல், மிச்ச பேர் எடிட்டிங்னு சொல்றது எழுத்துப்பிழை திருத்துற புரூஃப் பாக்குறதத்தான்.

நாவல் எப்படி ஆரம்பிக்குது தம்பி? முதல் அம்பது அறுபது பக்கத்துல என்ன நடக்குது?

கருப்புக்கோட்டு:

பணத்தப் பத்தியே பேசிட்டு இருக்கீங்க, ஒப்பந்தத்த யாராவது கேட்டீங்களா? அதுல "அனைத்து உரிமைகளும் பதிப்பகத்துக்கு"ன்னு இருக்கான்னு பாருங்க. இருந்தா மொழிபெயர்ப்பு, ஆடியோ, சினிமா, மின்னூல் எல்லாம் போச்சு. அச்சுப் புத்தக உரிமை மட்டும், தமிழ்ல மட்டும், இத்தன வருஷத்துக்குன்னு எழுதச் சொல்லுங்க, மூணு வருஷம் போதும்.

1957 பதிப்புரிமைச் சட்டம் 19-வது பிரிவு நமக்கு ரொம்ப சாதகமான பிரிவு, எழுதுறவங்களே அத படிக்கிறதில்ல. உரிமை மாத்திக் குடுக்குறது எழுத்துலதான் இருக்கணும், வாய்ச்சொல் செல்லாது. காலம் குறிப்பிடலன்னா 5 வருஷம்னுதான் அர்த்தம், எந்த நாடுன்னு குறிப்பிடலன்னா இந்தியாவுக்குள்ள மட்டும். வாங்குனவங்க ஒரு வருஷத்துக்குள்ள அந்த உரிமைய பயன்படுத்தலன்னா தானா காலாவதி ஆயிரும், ஒப்பந்தத்துல வேற மாதிரி சொல்லாத வரைக்கும். அந்த 5 வருஷக் கணக்க தாண்டத்தான் ஒப்பந்தத்துல "காலவரையின்றி"ன்னு ஒரு வார்த்தைய நைசா போடுவாங்க. உங்க எழுத்துக்கான உரிமை உங்க ஆயுசுக்கும், அதுக்கப்புறம் 60 வருஷம் உங்க வாரிசுக்கும். அத 200 காப்பிக்காக தாரை வாக்காதீங்க.

பதிவு பண்ணாட்டியும் பதிப்புரிமை உண்டு, எழுதுன உடனே உங்களுது. அதுக்கு தனியா காசு கேட்டா குடுக்காதீங்க. விற்பனைக் கணக்கு எத்தன மாசத்துக்கு ஒரு தடவ தருவாங்க, விக்காத காப்பிய என்ன பண்ணுவாங்க, இது ரெண்டும் எழுத்துல வரணும்.

தொடர்கதை_தேவி:

ஹாய் ப்ரோ, நான் ஆன்லைன்ல குடும்ப நாவல் எழுதுறவ, இங்க பாதிப் பேருக்கு அது நாவலே இல்ல, பரவால்ல 😄

கிண்டில்ல போட காசு எதுவும் வேணாம், தமிழ் வந்து 2016 கடைசிலருந்தே இருக்கு. பான் கார்டு, பேங்க் அக்கவுன்ட், அட்டைப் படம், யூனிகோடு வேர்டு ஃபைல், அவ்ளோதான். ராயல்டி 35 இல்ல 70 பர்சன்ட். ஆனா இந்திய விற்பனைக்கு 70 வேணும்னா அமேசானோட கே.டி.பி. செலக்ட்ங்கற திட்டத்துல சேரணும், சேந்தா 90 நாளைக்கு அந்த நாவல் டிஜிட்டல்ல வேற எங்கயும் இருக்கக்கூடாது, உங்க பிளாக்ல, பிரதிலிபி மாதிரி கதை தளத்துல போட்ருந்தா எடுத்துரணும், எடுக்கலன்னா மெயில் வரும். அச்சுல புக்கா போட்டுக்கறதுக்கு அதுல தடை இல்ல. செலக்ட்ல இருந்தாதான், சந்தா கட்டிப் படிக்கிற கிண்டில் அன்லிமிடெட்ல வரும், அதுல படிக்கிற பக்கத்துக்கு காசு, எங்க மாதிரி எழுதுறவங்களுக்கு வருமானமே அதுலதான், ஒரு ராத்திரில முழு நாவலையும் முடிச்சிட்டு அடுத்தது எப்போன்னு கேக்குற வாசகிங்க எங்களுக்கு இருக்காங்க. காசு மாசம் முடிஞ்சு ஒரு ரெண்டு மாசம் கழிச்சு வரும்.

ஆனா உங்க நாவலுக்கு அப்படி வருமான்னு கேட்டா தெரியல ப்ரோ. எங்க வாசகிங்க வாரத்துக்கு ரெண்டு எபிசோடு படிச்சு, திட்டி, ஹீரோவ மன்னிச்சு, கூடவே வந்தவங்க. நீங்க திடீர்னு 432 பக்கத்த ஏத்துனா யாரு கண்டுபிடிப்பா? முதல்ல கொஞ்சம் அத்தியாயத்த எங்கயாவது தொடரா போட்டுப் பாருங்க, ஜனங்க எங்க கமென்ட் போடறத நிறுத்துறாங்களோ அங்க கதை தொங்குதுன்னு அர்த்தம், எடிட்டர் இல்லாத எங்களுக்கு அதுதான் எடிட்டர். பைரசி வரும், டெலிகிராம்ல பி.டி.எஃப்.பா சுத்தும், அத நினைச்சு தூக்கத்த கெடுத்துக்காதீங்க.

ஃபாரம்_கணக்கு:

ஸ்டால் அண்ணன் சொன்னதுல ஒண்ணு சேக்கணும். ஜனவரிக்கு கொண்டு வந்துரலாம்னு சொன்னா பயப்படுங்க. டிசம்பர் மாசம் எங்க ஏரியாவுல ஒருத்தனும் தூங்குறதில்ல, ஒரே நேரத்துல ஏழெட்டு புக்கு, புரூஃப் பாத்தவரு ரெண்டாவது தடவ பாக்க நேரமில்ல, பசை காயறதுக்குள்ள வண்டில ஏத்துவாங்க. முதல் நாவலுக்கு அந்த கூட்டம் தேவையில்ல. கோடைல அடிங்க, பிரஸ்ஸும் காலியா இருக்கும், ரேட்டும் பேசலாம்.

உப்பளத்தான்:

எல்லாருக்கும் நன்றி. ஒப்பந்தத்துல நிஜமாவே "காலவரையின்றி அனைத்து உரிமைகளும்"னுதான் இருக்கு. மூணு வருஷம்னு மாத்தச் சொல்லிக் கேட்டேன், எங்க எல்லா எழுத்தாளர்களுக்கும் ஒரே ஃபார்மட்தான் சார்னு சொல்லிட்டாங்க. 3,000 பத்திக் கேட்டதும் அத வேணா விட்டுருதோம்னாங்க.

ஸ்டால் அண்ணாச்சி, நாவல் 1906-ல ஆரம்பிக்குது. வ.உ.சி. சுதேசி கப்பல் கம்பெனி ஆரம்பிக்கிறது, தூத்துக்குடி துறைமுகம், பூட்டன் அங்க சுமை தூக்குறது, கம்பெனி நொடிச்சுப் போறது, அப்புறம் குடும்பம் உப்பளத்துக்கு வர்றது. ஒரு 70 பக்கம் வரும். அதுக்கப்புறம் 4-ம் அத்தியாயத்துல தாத்தா அளத்துக்காரர்ட்ட முன்பணம் வாங்கிட்டு, மழை முன்னாடியே வந்து பாத்தியெல்லாம் கரைஞ்சு போயி, அந்தக் கடனுக்கு பாட்டியும் அத்தையும் உப்பு வார போறாவ. பேச்செல்லாம் எங்க ஊர்ப் பேச்சுதான். அந்தப் பதிப்பகத்துல மாதிரிக்கு பத்து பக்கம் புரூஃப் பாத்து அனுப்பிருக்காங்க, பாட்டி பேசுற "வந்தாவ, போனாவ" எல்லாத்தையும் "வந்தார்கள், சென்றார்கள்"னு மாத்தி வச்சிருக்காங்க.

தொடர்கதை_தேவி:

உப்பு வார்ற பாட்டி "சென்றார்கள்"னு பேசுதா?? ஐயோ 🤦🏽‍♀️

ஸ்டால்_நாற்காலி:

தம்பி, கப்பல் கம்பெனி கதைய தூத்துக்குடில பள்ளிக்கூடப் பிள்ளைங்க கூட சொல்லும். அத உங்ககிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்க யாரும் நாவல் வாங்க மாட்டாங்க. நீங்க தகவல் சேகரிச்சதெல்லாம் வீணாப் போகுதேன்னு உள்ள வச்சிருக்கீங்க, இது முதல் நாவல் எழுதுற முக்காவாசிப் பேருகிட்ட இருக்குறதுதான், படிச்சத எல்லாம் வாசகனுக்கும் படிச்சுக் காட்டணும்னு ஒரு ஆசை. முன்பணத்துல ஆரம்பிங்க. பூட்டன் சுமை தூக்குனத பாட்டி உப்பு வாரும்போது ரெண்டு வரில புலம்பட்டும், அது போதும், அது நிக்கும். 70 பக்கம் போனா நாலு ஃபாரத்துக்கு மேல குறையும், விலை 400 கிட்ட வரும், உங்களுக்கும் நல்லது, போடுறவனுக்கும் நல்லது.

பேச்சுல கைய வைக்க விடாதீங்க. ஆனா ஒரே பாட்டி ஒரு பக்கத்துல "வந்தாவ", அடுத்த பக்கத்துல "வந்தாங்க"ன்னு பேசுனா அது உங்க தப்பு, அத நீங்க உக்காந்து சரி பண்ணணும். கதை சொல்றவரோட நடை எழுத்துத் தமிழா ஊர்த் தமிழாங்கறதையும் முடிவு பண்ணிட்டு கடைசி வரைக்கும் அதுலயே நில்லுங்க.

அந்த 90,000த்த குடுக்காதீங்க, நகைய வைக்கவே வைக்காதீங்க. அவசியம் நீங்களே அடிக்கணும்னா மேல லேஅவுட் தம்பி இருக்காரு, 100 காப்பி அடிங்க, நூறும் உங்க காப்பி, உரிமையும் உங்ககிட்டயே இருக்கும்.

நான் போடுறேன்னு வாக்கு குடுக்கல. 4-ம் அத்தியாயத்த மட்டும் அனுப்புங்க, தனிச்செய்தில மெயில் ஐடி போடுறேன். யூனிகோடு வேர்டு ஃபைல், பி.டி.எஃப். வேணாம். படிக்க ஒரு மாசம் ஆகும், நடுவுல போன் பண்ணக்கூடாது.